கிச்சுக்கிச்சு காயில்

எதிர்வீட்டுக்காரர் தன் ரேடியோவில் ஒரு குமிழைத் திருப்புகிறார். உங்கள் ரேடியோவில் சமர்த்தாகப் பாடிக்கொண்டிருந்த அம்மணி திடீரென்று விசிலடிக்க ஆரம்பிக்கிறாள். 'கூ...ஊ...ஊய்ய்' என்று மேலே போய், கீழே வந்து, மறுபடி மேலே. நீங்கள் எழுந்துபோய் அவர் கதவைத் தட்டிச் சண்டை போட்டால், "நான் பாட்டுக்கு என் வீட்டில் என் ரேடியோவைத்தானே சார் கேட்கிறேன்?" என்கிறார். அவர் சொல்வது நிஜம். உங்கள் காதில் விழுந்த விசிலும் நிஜம்.

1920-களில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் இந்தச் சண்டை தெருவுக்குத் தெரு நடந்தது. சண்டைக்குக் காரணம் ஒரு சின்னக் கம்பிச் சுருள். ரேடியோவோடு தனியாக வாங்கி மாட்டிக்கொள்கிற உபரி சாமான். அமெரிக்கர்கள் அதற்கு டிக்ளர் காயில் என்று பெயர் வைத்தார்கள். டிக்ளர் என்றால் கிச்சுக்கிச்சு மூட்டுவது. (இங்கிலாந்துக்காரர்கள் வழக்கம்போல விறைப்பாக 'ரியாக்ஷன்' என்றார்கள்.) இந்தச் சுருள் ரேடியோவுக்குக் கிச்சுக்கிச்சு மூட்டியது. ரேடியோ சிரித்தது. அளவுக்கு மீறி மூட்டினால் ஊளையிட்டது. அந்த ஊளை எதிர்வீடு வரை கேட்டது.

அந்தக் கால ரேடியோவின் வறுமை தெரிந்தால்தான் இந்தச் சுருளின் அருமை தெரியும். 1906 கடைசியில் லீ டி ஃபாரஸ்ட் என்ற அமெரிக்கர் ஒரு கண்ணாடிக் குமிழுக்குள் மூன்று சமாசாரங்களை வைத்து அடைத்தார். சூடாகிற ஃபிலமெண்ட், எதிரே ஒரு உலோக பிளேட், நடுவில் வளைத்து வளைத்து வைத்த கம்பி. அந்த நடுக்கம்பிக்கு கிரிட் என்று பெயர். மொத்தத்துக்கும் பெயர் ஆடியான். தாத்தா வீட்டு மர ரேடியோவுக்குள் ஆரஞ்சாக மினுக்கிக்கொண்டிருந்த வால்வுகளுக்கெல்லாம் கொள்ளுத் தாத்தா.

ஃபிலமெண்டிலிருந்து பிளேட்டுக்கு எலெக்ட்ரான்கள் ஓடும். நடுவில் நிற்கும் கிரிட்டில் துளியூண்டு மின்சாரம் ஏறி இறங்கினாலும், பிளேட்டுக்குப் போகிற ஓட்டம் அதே தாளத்தில் பெரிதாக ஏறி இறங்கும். மதகுக்காரர் மாதிரி. கையில் பலம் கொஞ்சம்தான். திறந்துவிடுகிற தண்ணீர் ஏரித் தண்ணீர். இதில் வேடிக்கை, இதைக் கண்டுபிடித்த டி ஃபாரஸ்டுக்கே இது எப்படி வேலை செய்கிறது என்று சரியாகத் தெரியவில்லை. குமிழுக்குள் மிச்சமிருந்த வாயுதான் காரணம் என்று பல வருஷம் நம்பிக்கொண்டிருந்தார். இந்த விஷயத்தை மனசில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் சுப்ரீம் கோர்ட்டில் தேவைப்படும்.

சரி, ஒரு வால்வு எவ்வளவு பெரிதாக்கும்? கொஞ்சம்தான். ஏரியலில் வந்து விழும் சமிக்ஞையோ கொசுவின் மூச்சு. ஹெட்ஃபோனை இரண்டு காதிலும் அழுத்திக்கொண்டு, வீட்டில் குழந்தைகளை அதட்டி உட்காரவைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டால் பக்கத்து ஊர் ஸ்டேஷன் கேட்கும். இன்னொரு வால்வு போடலாமே என்பீர்கள். போடலாம். 1920-21 வாக்கில் யு.வி.200 என்ற வால்வு 5 டாலர். அதன் ஃபிலமெண்ட் சுமார் ஒரு ஆம்பியர் தின்னும். அதற்குக் காருக்கு வைக்கிற மாதிரி 6 வோல்ட் ஆசிட் பேட்டரி. பிளேட்டுக்குத் தனியாக இருபத்திரண்டரை வோல்ட் பேட்டரி. ஆசிட் சிந்திக் கார்ப்பெட்டில் ஓட்டை விழுந்தால் அதற்கான அர்ச்சனை தனி. வால்வு கூடக் கூட பேட்டரிக்குப் பசி கூடும், சம்பளக்காரனுக்குக் கட்டாது.

இந்த இடத்தில்தான் கிச்சுக்கிச்சு காயில் வருகிறது. புது வால்வு வேண்டாம், புது பேட்டரி வேண்டாம். இருக்கிற ஒற்றை வால்வையே திரும்பத் திரும்ப வேலை வாங்கலாம் என்றது.

எப்படி? பி.காம். படித்தவனுக்கு எலெக்ட்ரானிக்ஸ் வராது என்பது பொதுவான அபிப்பிராயம். ஆனால் இந்த விஷயம் எங்கள் ஏரியா. இது கூட்டு வட்டி.

கிரிட்டுக்கு ஒரு ரூபாய் சமிக்ஞை வருகிறது. வால்வு அதைப் பெரிதாக்கி பிளேட் பக்கம் அனுப்புகிறது. அங்கே நாம் ஒரு சுருளை மாட்டி, அதை கிரிட் பக்கத்துச் சுருளுக்கு அருகில் கொண்டுபோய் வைக்கிறோம். இரண்டு சுருளும் தொட்டுக்கொள்ளவேண்டியதில்லை. காந்தப்புலத்தின் வழியாகப் பெரிதானதில் ஒரு பங்கு ஆரம்பத்துக்கே திரும்பி வந்துவிடும். ஐம்பது காசு திரும்பி வந்தது என்று வையுங்கள். அந்த ஐம்பது மறுபடி சுற்றிவந்து இருபத்தைந்தாகும், அது பன்னிரண்டரை... எல்லாவற்றையும் கூட்டினால் இரண்டு ரூபாய். ஒன்று இரண்டாகிவிட்டது. பிரமாதம் ஒன்றுமில்லை.

இப்போது சுருளை இன்னும் கொஞ்சம் நெருக்குங்கள். தொண்ணூறு காசு திரும்பி வருகிறது. ஒன்று, தொண்ணூறு, எண்பத்தொன்று என்று கூட்டிக்கொண்டே போனால் பத்து ரூபாய்! இன்னும் ஒரு மயிரிழை நெருக்கி, தொண்ணூற்றொன்பது காசு திரும்பும்படி வைத்தால் நூறு ரூபாய்! தொண்ணூறுக்கும் தொண்ணூற்றொன்பதுக்கும் ஒன்பது காசுதான் வித்தியாசம். பலனில் பத்து மடங்கு. கந்துவட்டிக்காரர்கள் பார்த்தால் கையெடுத்துக் கும்பிடுவார்கள்.

முழு ஒரு ரூபாயும் திரும்பி வந்தால்? கணக்கு முடிவில்லாமல் போகும். அப்புறம் வெளியிலிருந்து சமிக்ஞையே வேண்டாம். ரேடியோ தன் குரலைத் தானே கேட்டு, தானே பெரிதாக்கி, தானே கத்த ஆரம்பித்துவிடும். கல்யாண மண்டபத்தில் மைக்கை ஸ்பீக்கருக்கு எதிரே நீட்டியதும் 'கீய்ய்ய்ங்' என்று அலறி, மாப்பிள்ளைக்கு மாமனார் முதல் நாயனக்காரர் வரை காதைப் பொத்திக்கொள்வார்களே, அதே சங்கதி. ஸ்பீக்கர் சத்தம் மைக்குக்குள் போய், அது பெரிதாகி ஸ்பீக்கருக்கு வந்து, மறுபடி மைக்குக்குள் போகிறது. மண்டபத்தில் சுற்றுவது காற்றில் போகிற சத்தம். ரேடியோவில் சுற்றுவது வினாடிக்கு லட்சக்கணக்கில் துடிக்கிற மின்சாரம்.

ஆக, வித்தை எல்லாம் அந்தத் தொண்ணூற்றொன்பதாவது காசில் போய் நிற்பதுதான்.

இதில் இன்னொரு இலவச லாபமும் இருந்தது. ட்யூன் செய்த ஸ்டேஷனுக்குத்தான் இந்த வட்டி முழுசாகக் கிடைக்கும். பக்கத்து ஸ்டேஷனுக்குக் குறைவு. அதனால் ஒன்றோடொன்று அப்பிக்கொண்டிருந்த ஸ்டேஷன்கள் பளிச்சென்று பிரிந்தன. ரொம்பப் பேராசைப்பட்டு விளிம்புக்கே போனால், பாட்டின் உச்ச ஸ்தாயிகளும் சேர்ந்து வெட்டுப்பட்டு, பாடகி கம்பளிக்குள்ளிருந்து பாடுவது போலிருக்கும். தூரத்து ஸ்டேஷன் கேட்டால் போதும் என்றிருந்தவர்களுக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

*

அப்போதெல்லாம் ரேடியோ என்பது ஒரே பெட்டி இல்லை. ட்யூனர் தனிப் பெட்டி, டிடெக்டர் தனிப் பெட்டி, ஆம்ப்ளிஃபையர் தனிப் பெட்டி. சமையல்கட்டு டப்பாக்கள் மாதிரி மேஜை மேல் வரிசையாக வைத்துக் கம்பிகளால் கோத்துக்கொள்ளவேண்டும். அதனால் நடுவில் ஒன்றைச் செருகுவது சுலபம். வால்வின் பிளேட்டிலிருந்து ஹெட்ஃபோனுக்குப் போகும் கம்பியை வெட்டு. வெட்டின இடத்தில் டிக்ளர் காயிலின் இரண்டு முனைகளையும் மாட்டு. காயிலை ட்யூனர் சுருளுக்குப் பக்கத்தில் வை. ஹெட்ஃபோனுக்குக் குறுக்கே ஒரு சின்ன கண்டென்சர் போடு. ஹெட்ஃபோனுக்குள் ஆயிரக்கணக்கில் சுற்றின கம்பி இருக்கிறதே, வேகமாகத் துடிக்கிற மின்சாரம் அதற்குள் புக முடியாது. இந்தக் கண்டென்சர் அதற்குப் பைபாஸ் ரோடு. தீர்ந்தது விஷயம்.

மாட்டினபிறகு சத்தம் கூடுவதற்குப் பதில் குறைந்தால் பயப்படவேண்டியதில்லை. திரும்பி வருகிற பங்கு தப்பான திசையில் வந்து, கூட்டலுக்குப் பதில் கழித்தல் நடக்கிறது. காயிலின் இரண்டு கம்பிகளையும் இடம் மாற்றிப் போட்டால் சரியாகிவிடும்.

ஆரம்பத்தில் டிக்ளரை ட்யூனர் சுருளுக்குள் ஓர் அச்சில் செருகிக் குமிழ் வைத்துத் திருப்பினார்கள். இரண்டு சுருளும் ஒரே திசையைப் பார்த்தால் முழு வட்டி. குறுக்கே திரும்பினால் வட்டி இல்லை. பின்னால் தேனடை மாதிரிப் பின்னின சுருள்கள் வந்தன. மூன்றை ஒரு பலகையில் பக்கம் பக்கமாகச் செருகி, ஓரத்து இரண்டையும் புஸ்தகத்தின் அட்டை மாதிரித் திறந்து மூடலாம். நடுவில் இருப்பது கிரிட்டுக்கு, ஒரு பக்கம் ஏரியலுக்கு, மறுபக்கம் டிக்ளர். அட்டையை மெதுவாக மூட மூட தூரத்து ஊர்கள் கிட்டே வரும்.

எனக்கு ரொம்பப் பிடித்தது மூன்றாவது வழி. வேரியோமீட்டர் என்று ஒரு உருண்டைச் சமாசாரம். சுருளுக்குள் சுருள் சுழலும். இதை பிளேட் கம்பியில் செருகினால் போதும், ட்யூனர் பக்கத்தில் கொண்டுபோகவே வேண்டாம். பிறகு எப்படித் திரும்பி வருகிறது? வால்வுக்குள்ளேயே! பிளேட்டும் கிரிட்டும் கண்ணாடிக்குள் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், அவை இரண்டும் சேர்ந்து ஒரு குட்டி கண்டென்சர். வேரியோமீட்டரைத் திருப்பி பிளேட் பக்கத்தை ட்யூன் செய்தால், அந்தக் குட்டிச் சந்து வழியாகவே பங்கு திரும்பிவிடும். முன் வாசலில் பெரிய பூட்டு, கொல்லைப்புறம் திறந்திருக்கிற வீடு மாதிரி.

இதை ஓட்டுவது ஒரு கலை. காலையில் புது வீட்டுக்குழாயைத் திருப்பி வெந்நீரும் தண்ணீரும் கலக்கிறீர்களே, அதைவிட நூறு மடங்கு நுணுக்கம். முதலில் டிக்ளரைத் திருப்பி, ரேடியோவை வேண்டுமென்றே ஊளையிட வைப்பார்கள். ஊளையோடு ட்யூனரை நகர்த்தினால், எங்கேயாவது ஸ்டேஷன் இருக்கும் இடத்தில் 'கூ...ய்ய்' என்று விசில் கேட்கும். விசிலைப் பிடித்துக்கொண்டு மெல்ல நகர்த்தினால் அது கனத்து, கனத்து, உறுமலாகி, மறைந்து போகும். அந்த மௌனம்தான் ஸ்டேஷன் இருக்கும் துல்லியமான இடம். அங்கே நின்று டிக்ளரை ஒரு மயிரிழை பின்னால் இழுத்தால், பாட்டு!

ஆஹா என்று நிம்மதியாகக் கையை எடுத்தால்... பாட்டு போச்சு. கை பக்கத்தில் இருந்ததே ட்யூனிங்கின் ஒரு பகுதி. மனுஷ உடம்பும் கண்டென்சர்தான் சார். இதற்காகவே குமிழ்களுக்கு முழ நீளக் கைப்பிடி வைத்தவர்கள் உண்டு. பெட்டி முகப்புக்குப் பின்னால் உலோகத் தகடு அடித்தவர்களும் உண்டு. ஒரே போஸில் ஒரு மணி நேரம் உறைந்து உட்கார்ந்து நாடகம் கேட்டவர்களும் நிச்சயம் இருந்திருப்பார்கள்.

இப்போது எதிர்வீட்டு விசிலுக்கு வருவோம். ஊளையிடுகிற நிலையில் உங்கள் ரேடியோ வாங்குகிற கருவி மட்டுமில்லை. ஒரு குட்டி டிரான்ஸ்மிட்டர். அதன் துடிப்பு அதே ஏரியல் வழியாக வெளியே போகும். மாடியில் கம்பி கட்டியிருக்கிற அத்தனை பேர் வீட்டுக்கும் இலவச ஒலிபரப்பு. ஸ்டேஷன் வினாடிக்கு 5,00,000 துடிப்பில் இருக்கிறது, நீங்கள் 5,01,000-ல் ஊளையிடுகிறீர்கள் என்றால், எதிர்வீட்டுக்காரர் காதில் விழுவது இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்: ஆயிரம். காதைத் துளைக்கிற விசில். நீங்கள் குமிழைத் திருப்பத் திருப்ப அது ஏறி இறங்கும். அவர் கோபத்தில் தன் குமிழைத் திருப்பி, அவர் செட்டும் ஊளையிட ஆரம்பித்தால் தெருவுக்கே கச்சேரி.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட செட்டுகளுக்கு 'ப்ளூப்பர்' என்று பட்டப்பெயர் கிடைத்தது. பிரிட்டனில் 1922-ல் ஒலிபரப்பு தொடங்கியபோது, ஏரியலைத் துடிக்கவைக்கிற செட்டுகளைத் தபால் இலாகா அனுமதிக்கவில்லை. யார் கேட்டார்கள்? கடையில் வாங்கினது சட்டப்படி. வீட்டில் மாட்டினது இஷ்டப்படி. பி.பி.சி.யின் தலைமை என்ஜினீயர் பீட்டர் எக்கர்ஸ்லி மைக்கிலேயே நேயர்களைக் கெஞ்சிப் பார்த்தார்.

*

இத்தனை ரகளைக்கும் மூலபுருஷர் எட்வின் ஹோவர்ட் ஆர்ம்ஸ்ட்ராங். (நிலாவில் இறங்கியவர் வேறு.) நியூயார்க் பக்கத்தில் யாங்கர்ஸ் என்ற ஊர். கொலம்பியா யுனிவர்ஸிட்டி மாணவர். மோட்டார் சைக்கிளில் காலேஜ் போவார். வீட்டுத் தோட்டத்தில் 125 அடி உயர ஏரியல் கம்பத்தைத் தானே நிறுத்தி, தானே அதன்மேல் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஆடியான் எப்படி வேலை செய்கிறது என்று அதன் அப்பாவே விளக்காததால், இந்தப் பையன் உட்கார்ந்து அளந்து பார்த்தான். பிளேட் பக்கமும் அந்த வேகத் துடிப்பு மிச்சமிருப்பது தெரிந்தது. அப்படியானால் அதையும் ட்யூன் செய்தால் என்ன? 1912 இலையுதிர் காலத்தில் ஒரு ராத்திரி, செய்தான். கேட்டும் கேட்காமலும் இருந்த ஸ்டேஷன்கள் அறையெல்லாம் கேட்டன. அப்பா, அம்மா சீட்டாடப் போயிருந்தார்கள். தூங்கிக்கொண்டிருந்த தங்கையின் அறைக்குள் கையில் ஒரு சின்னப் பெட்டியோடு நுழைந்து, சுற்றிச் சுற்றி ஆடியிருக்கிறான். வயசு இருபத்தொன்று.

பேட்டண்ட் எடுக்க அப்பாவிடம் பணம் கேட்டான். எல்லா ஊர் அப்பாக்களும் ஒன்றுதான்: முதலில் டிகிரியை முடி. மாமா ஒருவர்தான் புத்திசாலித்தனமாக, "படத்தை வரைந்து நோட்டரியிடம் முத்திரை வாங்கி வை" என்று யோசனை சொன்னார். 1913 ஜனவரி 31. செலவு 25 சென்ட். பேட்டண்டுக்கு மனுப் போட்டது அக்டோபர் 29. கிடைத்தது 1914 அக்டோபர் 6. நம்பர் 1,113,149.

அதற்கு முன்பே, 1914 ஜனவரிக் கடைசியில், நியூஜெர்ஸிக் கடற்கரையில் பெல்மார் என்ற இடத்திலிருந்த மார்க்கோனி கம்பெனி ஸ்டேஷனில் ஒரு ராத்திரி முழுக்க சோதனை. எலும்பை உறைய வைக்கிற குளிர். கூட இருந்த இளைஞர் டேவிட் ஸார்னாஃப். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று ஆர்ம்ஸ்ட்ராங் காட்டவில்லை. ஆனால் ஹானலூலுவின் 'டிட் டா'க்கள் கேட்டன. பசிபிக் சமுத்திரம், பிறகு முழு அமெரிக்கா, அதைத் தாண்டி வந்த சத்தம்! ஸார்னாஃப் அந்த ராத்திரியை மறக்கவேயில்லை. பின்னாளில் ஆர்.ஸி.ஏ. கம்பெனியின் தலைவராகி, இதே ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு எதிர்ப்பக்கம் நின்றார் என்பது வேறு விஷயம்.

ஆரம்பத்தில் சின்னச் சின்னக் கம்பெனிகளுக்கு லைசென்ஸ் கொடுத்தார் ஆர்ம்ஸ்ட்ராங். கிரீப், ஆடம்ஸ்-மார்கன் போன்றவர்கள் அழகழகான பெட்டிகள் செய்து, பேட்டண்ட் நம்பரைப் பொறித்து விற்றார்கள். 1920-ல் வெஸ்டிங்ஹவுஸ் கம்பெனி இதையும் இன்னொரு பேட்டண்டையும் 3,35,000 டாலருக்கு வாங்கியது. அதே வருஷம் நவம்பர் 2-ம் தேதி அவர்களுடைய கே.டி.கே.ஏ. ஸ்டேஷன் பிட்ஸ்பர்கில் தேர்தல் முடிவு சொல்லி ஒலிபரப்பைத் தொடங்கியது. ஸ்டேஷன் அவர்களுடையது, கேட்கிற பெட்டியும் அவர்களுடையது. டிக்ளர் வைத்த ஆர்.ஏ. ட்யூனர், மூன்று வால்வு டி.ஏ. பெட்டி; இரண்டையும் ஒன்றாக வைத்தால் ஆர்.ஸி. இதுதான் வியாபாரம்!

லைசென்ஸ் கிடைக்காத கம்பெனி முழு செட்டாக விற்றால் கோர்ட்டுக்குப் போகவேண்டும். காயிலைத் தனியாக, வேரியோமீட்டரைத் தனியாக, உதிரி பாகமாக விற்றால்? வீட்டில் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து முடுக்குகிற குமாஸ்தா மேல் எந்த வக்கீல் கேஸ் போடுவார்? 1925-ல் கிராஸ்லி கம்பெனி 'பப்' என்று நாய்க்குட்டி பெயரில் ஒற்றை வால்வு செட் ஒன்றை லைசென்ஸோடு 9.75 டாலருக்கே விற்றது. ஹெட்ஃபோன், பேட்டரி தனி.

*

இனி கேஸ். 'ரீஜெனரேஷனை முதலில் கண்டுபிடித்தவர் யார்' என்ற கேள்விக்கு நாலு பேர் கை தூக்கினார்கள். ஆர்ம்ஸ்ட்ராங், டி ஃபாரஸ்ட், ஜெனரல் எலெக்ட்ரிக்கின் லாங்மூர், ஜெர்மனியின் மைஸ்னர். கடைசியில் களத்தில் நின்றது முதல் இரண்டு பேர். டி ஃபாரஸ்ட் கையில் இருந்தது 1912 ஆகஸ்ட் மாதத்து ஒரு நோட்டுப் புத்தகம். டெலிபோன் குரலைப் பெரிதாக்கும் ஆராய்ச்சியில் அவருடைய உதவியாளர் ஆடியானின் வாலைத் தலையோடு இணைத்தபோது ஊளை கேட்டதாக ஒரு குறிப்பு. தேதியில் ஆர்ம்ஸ்ட்ராங்குக்கு ஒரு மாசம் முந்தி.

என் அபிப்பிராயம்: ஊளை கேட்பது வேறு, ஊளைக்கு முந்தின புள்ளியில் சங்கீதம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வது வேறு. டெலிபோன்காரர்களுக்கு அந்த ஊளை தொந்தரவு. யாங்கர்ஸ் பையனுக்கு அதுதான் விஷயமே. முதல் ரவுண்டில் நியூயார்க் கோர்ட்டுகளும் ஆர்ம்ஸ்ட்ராங் பக்கம்தான் தீர்ப்புச் சொன்னன. டி ஃபாரஸ்ட் தரப்பில் பணம் வறண்டிருந்தது. கோர்ட் செலவைத் தள்ளுபடி செய்தால் சமாதானமாகப் போகிற நிலைமை. ஆர்ம்ஸ்ட்ராங் தள்ளுபடி செய்ய மறுத்தார். கேஸ் வாஷிங்டனுக்குப் போய்ப் புரண்டது. 1924-ல் டி ஃபாரஸ்டுக்கு பேட்டண்ட். 1928-ல் சுப்ரீம் கோர்ட்டும் டி ஃபாரஸ்ட் பக்கம்.

இங்கே ஒரு கணக்குப் பார்க்கவேண்டும். அமெரிக்காவில் அப்போது பேட்டண்டுக்கு ஆயுள் 17 வருஷம். ஆர்ம்ஸ்ட்ராங்குடையது 1931-ல் காலாவதி. டி ஃபாரஸ்டுடையது 1924-லிருந்து எண்ணினால் 1941. ஆர்.ஸி.ஏ. கையில் இரண்டு தரப்பு உரிமையும் இருந்தது. யார் ஜெயித்தாலும் நஷ்டமில்லை; டி ஃபாரஸ்ட் ஜெயித்தால் பத்து வருஷம் கூடுதல் வசூல். நிஜம் எது என்று கேட்க யாருக்குத் தோன்றும்?

ஆர்ம்ஸ்ட்ராங் விடவில்லை. ஆர்.ஸி.ஏ. ஒரு சின்னக் கம்பெனி மேல் கேஸ் போட்டபோது, அந்தக் கம்பெனிக்காகத் தன் காசைப் போட்டு வாதாடினார். அந்தக் காசு எங்கிருந்து வந்தது? 1922-ல் சூப்பர் ரீஜெனரேஷன் என்ற அடுத்த கண்டுபிடிப்பை ஆர்.ஸி.ஏ.வுக்கே விற்று, 2,00,000 டாலரும் 60,000 பங்குகளும் வாங்கியிருந்தார். ஆர்.ஸி.ஏ. பணத்தில் ஆர்.ஸி.ஏ.வோடு சண்டை! 1934 மே 21-ம் தேதி கடைசித் தீர்ப்பு. எழுதியவர் நீதிபதி கார்டோஸோ. இங்கிலீஷ் அபாரம். தீர்ப்பு டி ஃபாரஸ்டுக்கு. ஊளை கேட்டது, தேதி முந்தியது, முடிந்தது கேஸ். படித்த என்ஜினீயர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள்.

அதே மாதம் ஃபிலடெல்ஃபியாவில் ரேடியோ என்ஜினீயர்கள் சங்கத்தின் மாநாடு. இந்தக் கண்டுபிடிப்புக்காக அந்தச் சங்கம் தன் முதல் கௌரவப் பதக்கத்தையே ஆர்ம்ஸ்ட்ராங்குக்குக் கொடுத்திருந்தது. கோர்ட் 'உன்னுடையது இல்லை' என்று சொன்னபிறகு அதை வைத்திருப்பது முறையில்லை என்று திருப்பிக் கொடுக்க வந்திருந்தார் மனுஷன். அவர் வாயைத் திறப்பதற்கு முன், சங்கத் தலைவர் ஜான்ஸ்கி எழுந்து, பதக்கத்தைத் திரும்ப வாங்க முடியாது, அதைக் கொடுத்ததன் காரணத்தை சங்கம் மறுபடி உறுதி செய்கிறது என்று அறிவித்தார். கூடியிருந்த ஆயிரம் பேரளவு என்ஜினீயர்களும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்களில் பலருக்கு ஆர்.ஸி.ஏ.வும் மற்ற பெரிய கம்பெனிகளும்தான் சம்பளம் கொடுத்தன.

அதற்குப் பிறகு எஃப்.எம். ரேடியோவைக் கொண்டுவந்து, அதற்கும் கேஸ் நடத்தி, 1954-ல் தன் பதிமூன்றாவது மாடி ஜன்னலிலிருந்து இறங்கிவிட்டார் ஆர்ம்ஸ்ட்ராங். அந்த ராத்திரி ஜனவரி 31. நோட்டரி முத்திரை விழுந்து சரியாக 41 வருஷம். மிச்சமிருந்த கேஸ்களையெல்லாம் மனைவி மரியன் விடாமல் நடத்தி, 1967-க்குள் அத்தனையிலும் ஜெயித்தார். மரியன் கல்யாணத்துக்கு முன் ஸார்னாஃபின் செக்ரட்டரியாக இருந்தவர்.

டிக்ளர் காயில் என்ன ஆயிற்று? 1930-களில் கரண்ட்டில் ஓடும் ரேடியோக்கள் வந்து, வால்வு மலிவாகி, ஆர்ம்ஸ்ட்ராங்கின் இன்னொரு கண்டுபிடிப்பான சூப்பர்ஹெட் வீடுகளுக்குள் வந்ததும் ஊளை அடங்கிப்போனது. வீட்டம்மா திருப்பினாலும், ஐந்து வயசுப் பையன் திருப்பினாலும் பாட்டு வந்தது. ஆனால் ஜெர்மனியில் 1933-ல் நாஜி அரசு 76 மார்க்குக்கு விற்ற மலிவுவிலை வி.இ.301 ரேடியோவுக்குள் இருந்தது இதே ரீஜெனரேஷன்தான். குறைந்த வால்வில் வேலை முடிய வேறு வழி கிடையாது. ஆர்.ஸி.ஏ. வாங்கின அந்த சூப்பர் ரீஜெனரேஷனோ, ரேடியோவை ஊளையிட விட்டு, ஊளை முழுசாகக் கிளம்புவதற்குள் அமுக்கி, மறுபடி விட்டு, மறுபடி அமுக்கி, வினாடிக்குப் பல்லாயிரம் தடவை இதையே செய்கிற தந்திரம். இன்றைக்கும் கம்பியில்லாத காலிங்பெல், ரிமோட் கேட் போன்றவற்றில் வருகிற மலிவு ரிசீவர்கள் பலவற்றில் அதுதான் உட்கார்ந்திருக்கிறது. யாரோ வந்து பட்டனை அழுத்துகிறவரைக்கும், உள்ளே ஒரு துளி சிலிக்கான் கிச்சுக்கிச்சு மூட்டப்பட்டு, அடக்கப்பட்டு, மூட்டப்பட்டு, அடக்கப்பட்டு...